படுத்திருந்தவனைத் தாண்டாதவன்

சான் ரோகே படகுத்துறையில் கயிறு வாங்கிக் கட்டுகிறவரின் பெயர் சோசிமோ என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. லிகோ என்றால்தான் தெரியும். இலோயிலோவிலிருந்து வரும் படகு துறையை நெருங்கும்போதே, "லிகோ, கயிறு" என்று படகோட்டி குரல் கொடுப்பான். அவர் நிமிராமலே கையை நீட்டுவார். கயிறு கைக்கு வந்துவிடும். எங்கள் பேச்சில் லிகோ என்றால் நேராகப் போகாமல் வளைந்து விலகிப் போவது. அந்தப் பெயரை அவருக்கு வைத்தது வேறு யாரும் இல்லை, கூடப் பிறந்த தம்பி.

படகுக்கும் துறைக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் கிடக்கும். மாம்பழக் கூடை சுமந்த பெண்கள் அங்கே வந்து தயங்குவார்கள். "கீழ பாக்காதீங்க. கால நீட்டுங்க, மிச்சம் தானா வரும்" என்று அவர் கை கொடுப்பார். நாள் முழுவதும் மற்றவர்களைத் தாண்டவைப்பதுதான் அவருக்கு வேலை. ஒரு காலத்தில் அவரே கடல் கடந்து போய் ஒலிம்பிக்கில் தடை ஓட்டம் ஓடியவர். அதை ஊர் மறக்கவில்லை. ஆனால் ஒரு வேடிக்கையாகத்தான் நினைவு வைத்திருந்தது. தடையைத் தாண்டச் சொல்லி அனுப்பினால், சுற்றிக்கொண்டு ஓடிவிட்டு வந்த மனிதர்.

ஏன் சுற்றிக்கொண்டு ஓடினார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது தம்பி தெல்ஃபினின் காதுக்குப் போகும். அது மட்டும் நடக்கக் கூடாது என்பதற்காகவே ஊர் சிரித்த சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டார்.

துறையிலிருந்து மேட்டுக்கு ஏறும் வழியில் அவர்களுடைய வீடு. மூங்கில் கால்களின் மேல் நின்ற ஒற்றை அறை. தெருப்பக்கம் ஓர் ஏணி, பின்னால் சமையல் தாழ்வாரத்தில் இன்னோர் ஏணி. தரை மூங்கில் பிளாச்சு. ராத்திரி எல்லாரும் அதில் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பார்கள். அப்பா பாய்மரப் படகில் சர்க்கரை மூட்டை கொண்டு போகிறவர். ஒரு சூறாவளிக்குப் பிறகு அவர் திரும்பி வரவில்லை. அம்மா துவரையும் பலாக்காயும் போட்டு ஆக்கிய குழம்பை ஒரு நேரத்துக்கு இரண்டு நேரமாக நீட்டி, இரண்டு பையன்களையும் வளர்த்தாள்.

சோசிமோவுக்கு ஒன்பது வயது, தெல்ஃபினுக்கு நான்கு இருக்கும். அமெரிக்கர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அன்று விளையாட்டு நாள். சோசிமோ ஜன்னலோரத்தில் சட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினான். நடுவில் தம்பி வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். சுற்றிப் போனால் எங்கே நேரமாகிவிடுமோ என்று இவனுக்கு அவசரம். ஒரே தாவலாகத் தம்பியைத் தாண்டி, வாசல் ஏணியில் இறங்கி ஓடினான்.

அடுப்படியிலிருந்து அம்மா பார்த்துவிட்டாள். "தோத்தோ, திரும்பி வா. போன வழியே திரும்பத் தாண்டிட்டுப் போ."

தோத்தோ என்று எங்கள் பக்கம் மகனையும் தம்பியையும் கூப்பிடுவார்கள். அம்மா சொன்னது அவன் காதில் விழுந்தது. சாயங்காலம் தாண்டுகிறேன் என்று கத்திக்கொண்டே போய்விட்டான்.

தூங்குகிற பிள்ளையைத் தாண்டினால் பிள்ளை வளராது. தாண்டியவனே போன வழியில் திரும்பத் தாண்டினால் சரியாகிவிடும். ஆனால் அந்தத் தூக்கம் கலைவதற்குள் தாண்ட வேண்டும். சாயங்காலம் அவன் சட்டையில் சிவப்பு நாடா குத்திக்கொண்டு வந்தான். மூங்கில் கழிகளைக் குறுக்கே கட்டி வாத்தியார் வைத்த ஓட்டத்தில் முதலாவதாக வந்திருந்தான். தம்பியைப் படுக்கச் சொல்லித் தாண்டப் போனபோது அம்மா தடுத்துவிட்டாள். "இது வேற தூக்கம். இப்பத் தாண்டினா ரெண்டாவது தடவையா ஆயிடும்."

அந்த மழைக்காலம் முழுவதும் தெல்ஃபின் காய்ச்சலில் கிடந்தான். எழுந்தான், நடந்தான், பேச்சில் எல்லாரையும் மிஞ்சினான். வளரத்தான் இல்லை. இலோயிலோவிலிருந்து வந்த நர்ஸ் அவன் எலும்பைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலின் வேலை என்றாள். அம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். அவள் சோசிமோவை அடித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை. அவனுடைய பழைய கால்சட்டையைத் தம்பிக்காக வெட்டும்போது மட்டும் கத்தரிக்கோலை ஒரு கணம் நிறுத்துவாள். "ஒரு நிமிஷம் திரும்பி வந்திருக்கலாம் நீ" என்பாள். பிறகு வெட்டுவாள்.

புத்தாண்டு பிறக்கும்போது கோயில் மணி அடித்தால் எங்கள் பிள்ளைகள் உயரம் வேண்டிக் குதிப்பார்கள். அம்மா தெல்ஃபினுக்கு மீசை அரும்பிய பிறகும் அவனைக் குதிக்கச் சொன்னாள். அவன் குதிப்பான். வீடு ஆடும். அந்த நேரம் சோசிமோ கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவான்.

தெல்ஃபின் அந்தக் கதையை நம்பவே இல்லை. "அப்பா மட்டும் என்ன, தென்னை மரமாவா நின்னாரு?" என்பான். அவனால் கேலியைத் தாங்க முடியும். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பான். இரக்கத்தைத்தான் தாங்க மாட்டான். கருவாடு விற்கும் பெண் ஒருத்தி ஒருநாள் அவனைப் பார்த்து "பாவம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சாகும்வரை அவளிடம் அவன் கருவாடு வாங்கவில்லை.

அண்ணன் தன்னைப் பார்க்கும்போது என்ன நினைக்கிறான் என்று அவனுக்குத் தெரியக் கூடாது. சிறு வயதிலேயே சோசிமோ அதை முடிவு செய்துகொண்டான்.

பள்ளிக்கூடத்தில் வேலி தாண்டுவதில் அவனுக்கு இணையில்லை என்று ஆயிற்று. அவன் உயரத் தாவுவதில்லை. வேலியை முகர்ந்துகொண்டு போவது போல ஒட்டிப் போவான். "உரசினா பரவால்ல. சாய்ச்சாத்தான் தப்பு" என்று வாத்தியார் விதியைச் சொல்லிக்கொடுத்தார். அவன் உரசுவான், சாய்க்க மாட்டான். மற்றப் பையன்கள் மணலில் வரிசையாகப் படுத்துக்கொண்டு தாண்டி விளையாடுவார்கள். அதற்கு மட்டும் அவன் வர மாட்டான். கூப்பிட்டுப் பார்த்தார்கள், கேலி செய்தார்கள். அவன் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்விடுவான். தடை ஓட்டக்காரனுக்கு ஒரு சௌகரியம், கூட்டு வேண்டாம். ஒரு கழி போதும்.

இலோயிலோவில் ஜெயித்தான். மணிலாவில் வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தான். அடுத்த வருஷம் காலில் ஆணி வைத்த செருப்பைக் கொடுத்தார்கள், முதலாவதாக வந்தான். ஒரு கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டு சோறும் போட்டது. அவனுக்கு மணிலா பிடிக்கவில்லை. அங்கே பேசிய பாஷை வேறு. விடுதியில் எல்லாருக்கும் கட்டில் உண்டு. கட்டிலில் படுத்திருப்பவனைத் தாண்ட யாருக்கும் வேலை வராது. அந்த ஒன்று மட்டும் அவனுக்கு நிம்மதி.

பிறகு ஒலிம்பிக். கப்பலில் பல நாள் பயணம். மேல்தளத்தில் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே பயிற்சி செய்தான். கூட வந்தவர்களில் ஹிலாரியோ என்ற மணிலா நீச்சல்காரன் ஒருவன்தான் அவனோடு பேசியவன். அவனும் அதிகம் கேட்க மாட்டான்.

போட்டி நாளன்று குளிர். அரங்கில் அவன் அதுவரை பார்த்திராத அளவு கூட்டம். முதல் சுற்றில் இரண்டு பேர் மேலே போகலாம். ஓட்டம் தொடங்கியதும் கூட்டம் மறைந்தது, குளிர் மறைந்தது. தடைகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பாதிக்கு மேல் வந்தபோது அவன் இரண்டாவது. பக்கத்துத் தடத்தில் ஓடியவன் நெடு நெடுவென்று வளர்ந்த வெள்ளைக்காரன். அவன் தடையில் முட்டியை இடித்தான். சுருண்டு உருண்டு, சோசிமோவின் தடத்துக்குக் குறுக்கே வந்து நீட்டிப் படுத்துவிட்டான்.

அடுத்த தடைக்கு இன்னும் இடம் இருந்தது. ஒரு எட்டு நீட்டி வைத்தால் போதும், தாண்டியிருக்கலாம். மனம் எதையும் யோசிக்கவில்லை. கால்தான் யோசித்தது. அது இடது பக்கம் வளைந்து, படுத்திருந்தவனின் தலையைச் சுற்றி, தடத்தை விட்டு வெளியே போயிற்று. எதிரில் வந்த தடையின் பக்கவாட்டில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். அப்புறம் ஓட்டம் நின்றது. கொடி பிடித்த ஒருவர் அவனைப் பார்த்து, கணக்கில் சேராது என்று தலையை ஆட்டினார்.

பயிற்சியாளர் ஓடி வந்தார். "ஏன் தாண்டல? உனக்கு அவன் ஒரு தடையா?"

"அவன் படுத்திருந்தான் சார்."

"அதான் கேக்கறேன். படுத்துத்தானே கிடந்தான்?"

"ஆமா சார். படுத்திருந்தான்."

இவனுக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

திரும்பும் கப்பலில் ஹிலாரியோ மட்டும் இரண்டு நாள் யோசித்து விஷயத்தைப் பிடித்துவிட்டான். அவன் ஊரிலும் அம்மாக்கள் அதே மாதிரிதான் சத்தம் போடுவார்கள். "அந்த வெள்ளைக்காரன் ஆறடிக்கு மேல இருந்தான்யா. இன்னும் எவ்வளவு வளரணும் அவன்? அங்கயே நின்னா அவங்கம்மாவுக்குத் துணியாவது மிச்சம்."

சோசிமோ பல நாளுக்குப் பிறகு சிரித்தான். சிரித்து முடித்ததும், "ஊர்ல யார்கிட்டயும் இதச் சொல்லிடாத" என்றான்.

"ஏன், சிரிப்பாங்கன்னா?"

"சிரிக்கட்டும். எனக்கு ஒரு தம்பி இருக்கான்."

மிச்சத்தையும் சொல்லுவான் என்று ஹிலாரியோ காத்திருந்தான். சோசிமோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிலாவில் இறங்கிப் பிரிந்ததோடு சரி. பிறகு யுத்தம் வந்தது. ஹிலாரியோ என்ன ஆனான் என்று தெரியவில்லை.

ஊருக்கு அவனுக்கு முன்னால் பத்திரிகைச் செய்தி வந்து சேர்ந்திருந்தது. பக்கத்தில் ஓடிய வெள்ளைக்காரன் விழுந்ததும் இவன் தடையைக் கண்டு மிரண்டு விலகினான் என்று அதில் போட்டிருந்தார்கள். துறையில் பள்ளிக்கூட வாத்தியக் குழு வந்து நின்றது, வாசிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தியது. வெளியூர் போனவன் வெறுங்கையோடு வரக் கூடாது. அவன் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெல்ஃபின் அதற்குள் சந்தைக்கருகில் முடிவெட்டும் கடை போட்டிருந்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று சவரம் செய்வான். ஊர் நியாயமெல்லாம் அங்கேதான் தீரும். சோசிமோ தம்பிக்கென்று வாங்கி வந்த சோப்புத் தூரிகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தபோது, மீன் தரகர் காசிமிரோ நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"ரத்தத்தப் பாத்திருப்பான். மிரண்டுட்டான். எனக்கு அப்பவே தெரியும்" என்றார் காசிமிரோ.

"அசையாதீங்க மனோங்" என்று மூத்தவருக்குரிய மரியாதையோடு சொன்னான் தெல்ஃபின், கத்தியை அவர் தொண்டையில் வைத்தபடி. "ரத்தத்தப் பாத்தா எங்க குடும்பத்துக்கே ஆகாது."

கடை முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் எல்லாரும் வாசலில் நின்றவனைப் பார்த்தார்கள். சிரிப்பு பாதியில் அறுந்தது. தெல்ஃபின் பெட்டியின் மேல் நின்றபடியே திரும்பினான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். ஊர் இவனை வைத்துச் சிரிக்கத்தான் போகிறது, அந்தச் சிரிப்பைத் தானே தொடங்கி வைத்தால் கொஞ்சம் வலி குறையும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தன் குள்ளத்தை அவன் அப்படித்தான் கடந்து வந்தவன்.

"நேரா ஓடறதுக்கு எல்லா நாட்டுக்காரனும் வந்திருந்தான். வளைஞ்சு ஓடறதுக்குன்னு கடல் தாண்டிப் போனவன் எங்கண்ணன் ஒருத்தன்தான். இனிமே லிகோன்னு கூப்பிடுங்க. திரும்பிப் பாப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். சோசிமோவும் சிரித்தான். தூரிகையைக் கொடுத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

கடையை மூடும் நேரத்தில் தம்பி தனியாகக் கேட்டான். "நெசமா என்ன ஆச்சு மனோங்?"

"கால் வழுக்கிடுச்சு."

"உன் கால் வழுக்கி நான் பாத்ததே இல்ல."

"வழுக்கிடுச்சு தோத்தோ."

தெல்ஃபின் கத்தியைத் துடைத்து மடித்து வைத்தான். மறுபடி கேட்கவில்லை. ஊருக்குச் சொல்லாதது சரி, தனக்குமா சொல்லக் கூடாது என்று அவனுக்கு மனத்தாங்கல். அதற்குப் பிறகு இருவரும் பார்த்தால் பேசுவார்கள். மழை, மீன் வரத்து, அம்மாவின் இருமல். அந்த ஒரு பொய்யைச் சுற்றித்தான் அவர்கள் பேச்சு நடந்தது, அதைத் தொடாமல்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் வேலைக்குக் கூப்பிட்டார்கள், சோசிமோ போகவில்லை. துறையில் கயிறு கட்டப் போனான். கொன்செசா என்ற பெண் இரண்டு மூன்று வருஷம் அதே படகில் வந்து அவன் கையைப் பிடித்தே இறங்கினாள். அவன் கையை மட்டும் கொடுத்தான். அவள் பக்கோலோத் நகரத்தில் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். யுத்தத்தின்போது ஊரே மலையில் ஒளிந்தது. ஒரு குடிசைக்குள் நான்கு குடும்பம், கால் வைக்க இடமின்றிப் படுத்தார்கள். சோசிமோ எப்போதும் வாசல் ஓரத்தில், பாதி உடம்பு மழையில் நனைய, படுப்பான். நல்லவன், காவல் காக்கிறான் என்றார்கள். ராத்திரி எழுந்து வெளியே போக யாரையும் தாண்ட வேண்டாம் என்பதுதான் காரணம் என்று யாருக்குத் தெரியும்?

அம்மா யுத்தத்துக்குப் பிறகு போனாள். அவள் போன பிறகு, தம்பியைத் தாண்டிய அந்தக் காலைக்குச் சாட்சி என்று உலகத்தில் சோசிமோ ஒருவனே மிஞ்சினான். தெல்ஃபின் தன் கடைக்கு மேலேயே குடியிருந்தான். அவனுக்கு வாய்த்த மனைவி நல்ல உயரம். "நான் ஏறி நிக்கப் பெட்டி, அவ குனிய நான்" என்பான். குழந்தை இல்லை. அவளும் ஒரு காலராவில் போய்விட்டாள்.

வருஷங்கள் படகு மாதிரி வந்து வந்து போயின. சோசிமோவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. தெல்ஃபினுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. கடைக்கு மேலே ஏறும் படிகளை ஏற முடியாமல் ஆனபோது, இரண்டு பேர் அவரைத் தூளியில் வைத்துக் கொண்டுவந்து அம்மாவின் வீட்டில், அண்ணனிடம் விட்டுப் போனார்கள்.

அது நல்ல மழைக்காலம். கூரை ஓலை இற்றுப் போய் இரண்டு பக்கமும் ஒழுகியது. நனையாத இடம் அறையின் நடுவில் ஒரு பாய் அளவுதான். தெல்ஃபினை அங்கே படுக்கவைத்தார். தலைமாட்டில் பழைய அலமாரி, கால்மாட்டில் ஒழுகும் நீருக்கு வைத்த தகர டப்பாக்கள். வாசல் ஒரு பக்கம், தண்ணீர்ப் பானையும் ஜன்னலும் அடுத்த பக்கம். நடுவில் தம்பி.

தெல்ஃபின் தண்ணீர் கேட்பார். சோசிமோ வாசல் ஏணியில் இறங்குவார். மழையில் வீட்டைச் சுற்றி, பின் ஏணியில் ஏறி, தாழ்வாரம் வழியாக வந்து, பானையில் மொண்டு கொடுப்பார். திரும்பவும் அதே வழி. பன்றிக்குத் தீனி வைக்கத்தான் அடிக்கடி போகிறார் என்று தெல்ஃபின் முதலில் நினைத்தார். பிறகு கொடியில் தொங்கிய ஈரச் சட்டைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மனோங், என்னத் தாண்டிப் போனா ஆகாதா?"

சோசிமோ சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். "ஏணி பக்கத்துலதானே இருக்கு."

டப்பாக்களில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெல்ஃபின் கூரையைப் பார்த்தபடி, மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார். "அந்த வெள்ளைக்காரனும் படுத்துத்தான் கிடந்தானா?"

சோசிமோ பிழிந்த சட்டையையே மறுபடி பிழிந்தார்.

"சொல்லு."

"படுத்திருந்தான்."

அன்று பயிற்சியாளரிடம் சொன்ன அதே வார்த்தை. இந்த முறை அது கேட்டவருக்குப் புரிந்தது. எந்த நாளுக்காக அவர் ஆயுள் முழுக்கப் பயந்தாரோ அந்த நாள் வந்துவிட்டது.

"அப்ப இத்தன வருஷமா என்னப் பாக்கறப்பல்லாம் இதத்தான் பாத்தியா?" தெல்ஃபினின் குரல் உயரவில்லை. "நான் உனக்குத் தம்பியா, இல்ல நீ செஞ்ச தப்பா?"

சோசிமோ கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அண்ணன் கையால் அவர் ஒன்றும் வாங்கவில்லை. பக்கத்து வீட்டு எபிங் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் வாய்க்காலைத் தாண்டுவது போலப் பாயை ஒரே எட்டில் தாண்டிப் பானைக்குப் போனாள். சோசிமோ பதறிப் போய்ப் பார்த்ததும், "கெழவருக்கு இனிமே என்ன வளர்த்தி மனோங்?" என்றாள். தெல்ஃபின் அவளிடம் சிரித்துப் பேசினார். அவள் இறங்கிப் போனதும் முகம் மறுபடி ஜன்னலுக்குத் திரும்பியது. ஒரே அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். சோசிமோ அதற்கு முன்னும் தனியாக இருந்தவர்தான். ஆனால் அந்த இரண்டு நாள் இருந்த தனிமை அவருக்குப் புதிது. துறைக்குப் போகாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். கீழே படகு வந்ததும், "லிகோ, கயிறு" என்று கூவியதும் கேட்டது. யாரோ வேறு ஒருவர் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

"எந்தப் பக்கத்துலேந்து தாண்டின?"

சோசிமோ எழுந்து வாசலில் வந்து நின்றார். "ஜன்னல் பக்கத்துலேந்து. வாசலுக்கு."

"அப்ப வாசல்லேந்து ஜன்னலுக்கு. வா."

"அது வேற தூக்கம்னு அம்மா சொன்னா."

"நான் இன்னும் எழுந்திரிக்கவே இல்லன்னு வெச்சுக்க."

சோசிமோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "என் இடுப்பு போயிடுச்சு தோத்தோ."

"ஒலிம்பிக்காரன் பேசற பேச்சா இது? என் உயரம்தான் உனக்குத் தெரியுமே" என்றார் தெல்ஃபின். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தட்டையாகப் படுத்துக்கொடுத்தார். "எனக்காக இல்ல. நான் இப்படியே நல்லாத்தான் இருந்தேன். உனக்காகத் தாண்டு."

சோசிமோ நின்றார். நெடுநேரம் நின்றார். தடைக்கு முன்னால் நிற்கக் கூடாது, நின்றவனால் தாண்ட முடியாது என்பது எந்த ஓட்டக்காரனுக்கும் தெரியும். அவர் வாசலுக்கு வெளியே ஏணியின் மேல்படிவரை பின்னால் போனார். பிறகு வந்தார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, வேகமான நொண்டல். முன் காலை நீட்டினார், உடம்பை அதன்மேல் சாய்த்தார். பிளாச்சுத் தரை கிறீச்சிட்டது. பின்னால் வந்த கால் தம்பியின் தோளை உரசிக்கொண்டு போயிற்று. ஜன்னலோரம் போய்ப் பானையைப் பிடித்துத்தான் நின்றார். பானையில் தண்ணீர் தளும்பியது.

"தட்டிட்ட" என்றார் தெல்ஃபின்.

"ம்."

"சாயல. கணக்குல சேரும்."

சோசிமோ ஜன்னலைப் பார்த்தபடியே நின்றார், திரும்பவில்லை. தம்பி, "சரி, வந்ததுதான் வந்த, தண்ணி குடு" என்றார்.

அந்த மழைக்காலத்தின் மிச்ச நாள்களில் அண்ணன் தம்பிக்குச் சவரம் செய்தார். கடையிலிருந்து அந்தப் பழைய தூரிகையை எடுத்து வரச் சொன்னார் தெல்ஃபின். மயிர் பாதிக்கு மேல் கொட்டிப் போயிருந்தது. அண்ணன் கத்தியைத் தொண்டையில் வைப்பார். "எங்க குடும்பத்துக்கு ரத்தம் ஆகாது, பாத்து" என்பார் தம்பி. ஓட்டத்தைப் பற்றி முதல் தடவையாக எல்லாவற்றையும் கேட்டார். குளிர் எப்படி, கூட்டம் எப்படி, அந்த வெள்ளைக்காரன் எழுந்ததும் என்ன சொன்னான்? கை குலுக்கினான் என்றார் சோசிமோ. ஏதோ சொன்னான், பாஷை புரியவில்லை.

தான் வைத்த பெயரைத் தானே எடுத்துவிட வேண்டும் என்று தெல்ஃபினுக்கு ஆசை வந்தது. இனி யாரும் லிகோ என்று கூப்பிடக் கூடாது, சோசிமோ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எபிங்கிடம் துறைக்குச் சொல்லி அனுப்பினார். அவள் திரும்பி வந்து, "சொன்னேன். சோசிமோன்னா யாருன்னு கேக்கறாங்க" என்றாள்.

தெல்ஃபினுக்கு முகம் விழுந்துவிட்டது. "விடு தோத்தோ. நீ வெச்ச பேருதானே" என்றார் சோசிமோ.

மழை விடுவதற்கு முன்பே தெல்ஃபின் போய்விட்டார், ஒரு விடிகாலையில், தூக்கத்திலேயே. சவப்பெட்டி வீட்டை விட்டு இறங்கும்முன், செத்தவர் வீட்டுக் குழந்தைகளைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொடுப்பது எங்கள் வழக்கம். போனவர் நினைவு பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க. பெட்டி தூக்க வந்தவர்கள் ஒரு கணம் நின்று பார்த்தார்கள். அந்த வீட்டில் தூக்கிக் கொடுக்கக் குழந்தை இல்லை. பெட்டி அப்படியே இறங்கிப் போயிற்று.

அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஜெபமும் முடிந்தது. வந்தவர்கள் கலைந்தார்கள். சோசிமோ பாயைச் சுருட்டி அலமாரிமேல் வைத்தார். மறுநாள் காலை எழுந்ததும் அவருக்குத் தாகம். வாசல் ஏணியில் இறங்கினார். தூறலில் வீட்டைச் சுற்றி நடந்தார். பின் ஏணியின் இரண்டாவது படியில் கால் வைத்தபோதுதான் நடுவில் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஏறிப் போய்ப் பானையில் மொண்டு குடித்தார். அங்கிருந்து வாசலைப் பார்த்தார். தரை வெறுமையாகக் கிடந்தது. கீழே துறையிலிருந்து படகோட்டியின் குரல், "லிகோ" என்று கூப்பிட்டது. அவர் வந்த வழியே பின் ஏணியில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, கயிறு வாங்கப் போனார்.